மட்டக்களப்புத் தமிழும் தூய்மை என்னும் அளவுகோலும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் அந்நாட்டு மக்கள் ஞாயிற்றின் போக்கை நோக்கிப் பெயரிட்டுள்ளனர். வாவிக்கும் கடலுக்கும் இடையே மணற்பாங்காய்க் கிடக்கும் கிழக்கு நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாய் விரிந்து செல்லும் நிலம் படுவான்கரை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய இவ்வாவி இரு கரைகளையும் பிரிக்கின்றது. படுவான்கரை நெல்லையும் எழுவான்கரை மீனையும் ஒன்றற்கொன்று கொண்டு சேர்த்த வழியும் அதுவே. பிரிக்கும் நீரே இணைக்கும் நீருமாகும் என்னும் இவ்வுண்மை, நிலத்துக்கு மட்டுமன்றி அந்நிலத்து மக்களின் மொழிக்கும் கலைக்கும் பொதுவாழ்வுக்கும் பொருந்துவது. இதனை இலக்கியத் திறனாய்வு இதுகாறும் போதிய அளவு உணர்ந்துள்ளதா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

இந்திய நாகரிகத்தின் பன்மையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மலர்மாலையை உவமையாகக் காட்டுவர். பல நிறப் பூக்கள் ஒரு நாரிற் கோக்கப்பட்டுள்ளன என்பது அவ்வுவமையின் கருத்து. கேட்பதற்கு இனிதாயினும் இதில் ஒரு குறை உண்டு. மாலையிலுள்ள மல்லிகை, பக்கத்திலுள்ள செவ்வந்தியால் மாறுவதில்லை. ஒவ்வொரு பூவும் தன்னளவில் முழுமை பெற்றுத் தனித்தே கிடக்கின்றது. மக்கட் கூட்டங்களோ அவ்வாறு கிடப்பனவல்ல. அருகருகே வாழ்வோர் சொல்லையும் சடங்கையும் இசையையும் உறவுமுறையையும் ஒருவரிடமிருந்து ஒருவர் கொண்டும் கொடுத்துமே தத்தம் தனித்தன்மையைப் பெறுகின்றனர். ஆதலின், பன்மையை அறிய விரும்புவோன் பூக்களை எண்ணுதல் போதாது. கொண்டது எது, கொடுத்தது எது என்னும் கணக்கையும் பார்த்தல் வேண்டும். அக்கணக்கைப் பார்ப்பதற்கு மட்டக்களப்பு மிகத் தக்கதோர் இடமாகும்.

இவ்வாவியைச் சூழ்ந்து வாழ்வோருள் சைவத் தமிழரும் முஸ்லிம்களும் பெருந்தொகையினர். கத்தோலிக்கரும் மெதடிஸ்த சபையினரும் அவர்களிடையே வாழ்கின்றனர். போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டினர். ஒல்லாந்தர் 1638இல் அதனைக் கைப்பற்றினர். அவ்வரலாற்றின் எச்சமாகப் பறங்கியர் குடும்பங்கள் இன்றும் நகரில் உள. வடக்கே வாகரைப் பகுதியில் தமிழ் பேசும் வேடர் வாழ்கின்றனர். மேற்கே சிங்கள ஊர்கள் தொடங்குகின்றன. சிங்கள மக்களைத் தவிர ஏனையோர் அனைவர்க்கும் தமிழ் வீட்டு மொழியாகவோ, வீட்டுக்கு வெளியே வழங்கும் ஊர் மொழியாகவோ அமைந்துள்ளது. சமயத்தாற் பலராகவும் மொழியால் ஒருவராகவும் வாழும் நிலை இது.

இத்தமிழைப் பற்றி அறிஞரிடையே நிலைபெற்றுள்ள பாராட்டு ஒன்றே. மட்டக்களப்புப் பேச்சு செந்தமிழுக்கு அணித்தானது, பழஞ்சொற்களைப் பேணி வருவது என்பதே அப்பாராட்டு. செக்கோசுலோவாக்கிய நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவலபில் ஈழத்துப் பேச்சுத் தமிழை ஆராய்ந்து, தமிழ்ப் பேச்சு வழக்குகளுள் இலக்கிய வழக்கை மிகவும் ஒத்தது மட்டக்களப்பு வழக்கே எனக் கருதினார். மிகப் பழைய கூறுகள் சில அதில் நிலைத்துள்ளன என்றும், அத்துடன் குறிப்பிடத்தக்க புதுமைகள் சிலவற்றையும் அவ்வழக்குத் தானே தோற்றுவித்துக்கொண்டது என்றும் அவர் சுட்டினார். மேடைகளிலும் விழா மலர்களிலும் இக்கருத்தின் முற்பாதியே திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகின்றது. பிற்பாதியைக் காண்டல் அரிது. ஒரு கருத்தின் பாதியை மட்டும் நினைவில் வைத்திருப்பது தற்செயலான மறதியன்று. எந்தப் பாதி வேண்டப்பட்டதோ அந்தப் பாதியே நினைவில் நின்றது.

அது வேண்டப்பட்டதற்குத் தக்க காரணம் இருந்தது. ஈழத்துத் தமிழ்க் கல்வியின் நடுவிடமாக யாழ்ப்பாணமே நெடுங்காலம் கருதப்பட்டது. நாவலர் வழிவந்த உரைநடையும் கண்டனமும் பதிப்பும் அங்கே செழித்தன. கீழ்க்கரை நாடு கல்வியிற் பின்தங்கியது, மந்திரத்துக்கும் மாயத்துக்கும் பேர் போனது என்று எள்ளப்பட்ட காலமும் உண்டு. அவ்வெள்ளலுக்கு விடையாக மட்டக்களப்பு அறிஞர் தம் நாட்டின் பழமையை எடுத்துக்காட்ட முற்பட்டனர். எவ். எக்ஸ். சி. நடராசா 1962இல் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தார். வி. சீ. கந்தையா 1964இல் மட்டக்களப்புத் தமிழகம் என்னும் நூலை வெளியிட்டு, அந்நாட்டின் கூத்தையும் கவியையும் வழிபாட்டையும் வழக்குச் சொற்களையும் தொகுத்து வைத்தார். இத்தொகுப்புக்கள் இல்லையேல் பின்வந்த ஆராய்ச்சியாளர் வெறுங்கையோடு நின்றிருப்பர். ஆதலின் அவர்தம் உழைப்பைக் குறைத்துக் கூறுதல் நன்றியன்று. ஆயினும், இகழ்ச்சிக்கு விடையாகப் பிறந்த ஓர் அளவுகோல், அவ்விகழ்ச்சி மறைந்த பின்னரும் அளவுகோலாகவே நீடித்தல் முறையா என்று கேட்பது பின்வந்தோர் கடன்.

தூய்மை என்னும் அளவுகோலின் முதற்குறை, அது தேடுவதையே காணும் என்பது. மட்டக்களப்பு வீடொன்றினுள் நுழைவோன் கதிரையில் அமர்கின்றான், மேசையையும் அலுமாரியையும் காண்கின்றான், பாண் உண்கின்றான், வாயிலிற் சப்பாத்தைக் கழற்றி வைக்கின்றான். இச்சொற்கள் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. கந்தோர், லாச்சி, போஞ்சி என்பன ஒல்லாந்தர் தந்தவை. இவையெல்லாம் ஈழத்துத் தமிழர் அனைவர்க்கும் பொதுவாயினும், பழஞ்சொற் பட்டியல் வகுப்போர் கண்ணில் இவை படுவதில்லை; பட்டாலும் கறையாகவே படும். ஆயின், நானூறு ஆண்டுகளாக ஒரு மொழி வேற்று நாட்டாரோடு பழகியும் தன் இலக்கணத்தை இழவாது, வந்த சொற்களுக்குத் தன் ஒலியையும் உருபையும் அணிவித்து ஏற்றுக்கொண்டது என்பது அம்மொழியின் வலிமைக்குச் சான்றாகுமேயன்றி இழுக்காகாது.

இரண்டாங்குறை இதனினும் பெரிது. தூய்மையைத் தேடுவோன் முஸ்லிம்களின் பேச்சைக் கேட்கும்போது, வாப்பா, உம்மா முதலாகிய சொற்களை மட்டுமே குறித்துக்கொண்டு அதனைக் கலப்புத் தமிழ் என ஒதுக்கிவிடுகின்றான். அப்பேச்சின் உயிரான பகுதி அவன் செவியில் விழுவதில்லை. இறைவணக்கத்துக்கு அம்மக்கள் இட்ட பெயர் தொழுகை, உண்ணாது இருத்தலுக்கு இட்ட பெயர் நோன்பு, தொழும் இடத்துக்குப் பள்ளி, திருநாளுக்குப் பெருநாள். சமயத்தின் நடுவிடத்தே நிற்கும் சொற்களையே தமிழில் அமைத்துக்கொண்ட ஒரு மக்கட் கூட்டத்தின் தமிழைக் கலப்பென்று ஒதுக்குதல் ஆராய்ச்சியாகாது. பள்ளி என்னும் சொல் ஒரு காலத்திற் சமண பௌத்தத் துறவியர் உறையுளைக் குறித்தது. இன்று கல்விக்கூடத்தையும் கிறித்துவர், முஸ்லிம்கள் ஆகியோரின் வழிபாட்டிடத்தையும் குறிக்கின்றது. ஒரு சொல் இத்தனை சமயங்களுக்கு இடங்கொடுத்த வரலாற்றைத் தூய்மை என்னும் அளவுகோலால் அளத்தல் இயலாது.

வயலிற் சென்று கேட்பின் இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். நிலமுடையவர் போடியார், வேலையாட்களுக்குத் தலைவன் முல்லைக்காரன், வயற்பரப்பு வட்டை, அதனை மேற்பார்ப்பவர் வட்டவிதானை. இச்சொற்களுக்குச் சமயம் இல்லை. தமிழ்ப் போடியாரும் முஸ்லிம் போடியாரும் ஒரே வாய்க்கால் நீரைப் பங்கிட்டு, ஒரே சொற்களால் வழக்கிட்டு, ஒரே சொற்களால் இணங்கி வந்தனர். பின்னர் என்னும் பொருளில் வழங்கும் ‘மறுகா’ என்னும் சொல்லும், உரிமையோடு பேசுங்கால் ஈற்றிற் சேரும் ‘கா’ என்னும் அசையும் இரு சாராரிடத்தும் கேட்கப்படும். இவையே சுவலபில் குறித்த பிற்பாதியின் வகையைச் சேர்ந்தவை. பழமையைப் பேணுதல் ஒரு சாராரின் செயலாகத் தோன்றலாம். புதுமையைத் தோற்றுவித்தலோ கூடிவாழ்ந்த அனைவரின் செயலாகவே அமையும்.

மொழியைப் போன்றே குடியமைப்பும் இக்கருத்தை வற்புறுத்துகின்றது. மட்டக்களப்பிற் குடி என்பது தாய்வழி வருவது. மகனும் மகளும் தாயின் குடியையே சேர்வர். ஒரே குடிக்குள் மணவினை கூடாது. வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்ல, மணமகன் மனைவியின் வீட்டிற்குச் சென்று வாழ்வான். இவ்வழக்கத்தின் ஒரு பகுதியான முக்குவர் சட்டத்தைக் கிறித்தோபர் பிரித்தோ 1876இல் ஆங்கில நூலாக எழுதி வெளியிட்டார். இக்குடிமுறை இந்துக்களுக்கு மட்டும் உரியதன்று; முஸ்லிம்களும் அதனையே பின்பற்றி வந்தனர். கோயிலிற் குடிகளின் சார்பாக வண்ணக்கர் இருப்பதுபோலப் பள்ளிவாசலிற் குடிகளின் சார்பாக மரைக்காயர் இருந்தனர். இரு வேறு இறைவழிபாட்டுக்கு ஒரே சமூகக் கட்டுக்கோப்புத் தாங்குதூணாய் நின்றது. அமெரிக்க மானிடவியல் அறிஞர் தெனிசு மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் 1969 முதற் பன்முறை தங்கி ஆராய்ந்து, 2008இல் வெளியிட்ட பெருநூலில் இவ்வொப்புமையை விரிவாக விளக்கியுள்ளார். பூக்களை மட்டும் எண்ணுவோர்க்குக் கோயிலும் பள்ளியும் தனித்தனியே தோன்றும். அவற்றின் கீழ்க் கிடக்கும் பொது அடித்தளம் தோன்றாது.

வழிபாட்டிலும் கொடுக்கல் வாங்கல் உண்டு. வைகாசித் திங்களிற் கண்ணகை அம்மன் கோயில்களின் கதவு திறக்கப்படும். வழக்குரை காவியம் பாடப்படும். குளிர்த்திச் சடங்கோடு விழா நிறைவெய்தும். இளங்கோவடிகள் பாடிய வரலாறு தமிழகத்தில் ஏட்டில் அடங்கிக் கிடந்த காலத்திலும், இவ்வூர்களிற் பெண்களும் முதியோரும் கண்ணீரோடு கேட்கும் காவியமாய் வாழ்ந்தது. ஆயினும், இது தமிழர்க்கே உரிய தனிச்சொத்தன்று. சிங்கள மக்கள் இத்தெய்வத்தைப் பத்தினி தெய்யோ என வணங்குகின்றனர். மட்டக்களப்பு ஊர்களில் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாய்ப் பிரிந்து ஆடும் கொம்பு விளையாட்டும், சிங்கள ஊர்களில் இரு கட்சியாய் ஆடும் அங்கெலிய விளையாட்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய நூல் இவ்விரு மரபுகளையும் ஒருங்கே வைத்து ஆராய்கின்றது. தமிழிற் கண்ணகியைப் பற்றி எழுதுவோர் பலர் இவ்வொப்பாய்வைத் தம் கட்டுரைகளில் இன்னும் போதிய அளவு பயன்படுத்தினாரல்லர்.

இந்நாட்டின் தலைசிறந்த அறிஞரின் வாழ்க்கையே இக்கருத்துக்கு உரையாக நிற்கின்றது. கண்ணகை அம்மன் கோயில் விளங்கும் காரைதீவில் 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகளார், கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பிற் கத்தோலிக்கர் நடத்திய அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்றவர். அறிவியற் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பட்டமும் ஒருங்கே பெற்றவர். இராமகிருட்டிண சங்கத்துத் துறவியாகிக் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதற் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தவர். செகப்பிரியர் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு ஒப்புநோக்கி மதங்க சூளாமணி எழுதினார். சிலப்பதிகார அரங்கேற்று காதையை அடியாகக் கொண்டு, கணிதமும் ஒலியியலும் துணையாகப் பண்டை யாழின் இயலை மீட்டு 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். ஊர்க் கண்ணகையும் கிறித்துவப் பள்ளியும் மேலைநாட்டு அறிவியலும் கூடியிராவிட்டால் அந்நூல் பிறந்திராது. அடிகளாரைத் தூய தமிழின் சின்னமாக மட்டும் வணங்குவோர், அவரை ஆக்கிய பொருள்களை மறந்து அவரைப் போற்றுகின்றனர்.

இவ்விடத்தில் வாவிக்கரையை விட்டுச் சற்றே அப்பாலும் நோக்குதல் வேண்டும். 1956ஆம் ஆண்டு இத்துணைக்கண்டத்தின் மொழி வரலாற்றிற் குறிக்கத்தக்கது. இந்தியா அவ்வாண்டிலே தன் மாநிலங்களை மொழிவழியாகத் திருத்தி அமைத்தது. இலங்கை அதே ஆண்டிற் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிச் சட்டம் இயற்றியது. ஒன்று பல மொழிக்கும் தனித்தனி எல்லை வகுத்தது. மற்றொன்று ஒரு மொழிக்கே அரியணை அளித்தது. இரண்டற்கும் உள்ள வேற்றுமை பெரிது. எனினும், மொழி என்பது எல்லைக்கோட்டினுள் அடைக்கத்தக்க ஒரு பொருள் என்னும் எண்ணம் இரண்டற்கும் பொது. அதே 1956இல் எமனோ என்னும் அமெரிக்க மொழியியலறிஞர், இந்திய மொழிகள் வேறுவேறு குடும்பத்தனவாயினும் நெடுங்காலப் பழக்கத்தால் தம்முள் இலக்கணக் கூறுகளைப் பகிர்ந்துகொண்டு ஒரு மொழிப்புலமாய் அமைந்துள்ளன என்று காட்டினார். அரசுகள் கோடு வரைந்த ஆண்டிலேயே அறிஞர் ஒருவர் அக்கோடுகள் மொழியின் உள்ளியல்பில் இல்லை என நிறுவினார்.

எமனோ கூறியதற்கு மட்டக்களப்பு நகரிலேயே ஒரு சான்று இருந்தது. அங்குள்ள பறங்கியர் தம் வீடுகளிற் பேசிய போர்த்துக்கேயக் கலப்புமொழியை இயன் சிமித்து என்னும் மொழியியலறிஞர் 1970களில் ஆராய்ந்தார். அம்மொழியின் சொற்கள் பெரும்பாலும் ஐரோப்பாவினின்று வந்தவை. ஆயின் வினை வாக்கியத்தின் இறுதியில் நிற்கின்றது. வேற்றுமைப் பொருள் பெயர்க்குப் பின்வரும் உருபுகளாற் பெறப்படுகின்றது. தமிழின் வாக்கிய அமைதியை அம்மொழி ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதே அவ்வாய்வின் முடிபு. தமிழ் பிறமொழியிடமிருந்து கொண்ட சொற்களைப் பற்றி வருந்துவோர் பலர் உளர். தமிழ் ஓர் ஐரோப்பிய மொழிக்குத் தன் இலக்கணத்தையே கொடுத்தது என்பதை அறிந்தோர் சிலரே. மட்டக்களப்புத் தமிழின் பெருமையைப் பாடும் கட்டுரைகளில் இச்செய்தி இடம்பெறாமை, தூய்மை என்னும் அளவுகோல் தமிழுக்கே செய்த இழப்பு எனலாம். அம்மொழியைப் பேசுவோர் தொகை குறைந்து வருதலின் இவ்விழப்பு நாளுக்கு நாள் மீட்டற்கரியதாகின்றது.

1956க்கு இன்னொரு சிறப்பும் உண்டு. எதிரிவீர சரச்சந்திர அவ்வாண்டில் மனமே என்னும் சிங்கள நாடகத்தை அரங்கேற்றினார். அதற்கு அவர் அடிப்படையாகக் கொண்டது சிங்கள நாடகம என்னும் ஆடல் வடிவம். அந்நாடகமவோ தமிழ்க் கூத்திலிருந்து கத்தோலிக்கர் வாயிலாகச் சிங்கள மக்களிடம் சென்றது. தமிழ் மூலத்திற் பிறந்த வடிவம் சிங்களத்திற் புகழெய்தியதைக் கண்டபின்னரே, பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தின்பாற் புதுநோக்கோடு திரும்பினார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைக் கொண்டு மாணவர்க்குப் பயிற்சி அளித்து, கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலி வதை ஆகியவற்றை 1960களில் மேடையேற்றினார். தமிழர் தம் கலையின் மதிப்பைச் சிங்களர் வாயிலாக மீண்டும் அறிந்தனர் என்பது வெட்கத்துக்குரியதன்று. பண்பாடு இவ்வாறே பயணஞ் செய்கின்றது.

எனினும் அம்மீட்புப் பணியையும் திறனாய்ந்து நோக்குதல் தகும். ஊரில் வடமோடியும் தென்மோடியும் வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்பட்டவை. மாதக்கணக்கிற் பழகிச் சதங்கை அணிந்து அரங்கேறும் வரை ஊர் முழுதும் அதன் பங்காளி. பல்கலைக்கழக மேடையிற் கூத்து ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருங்கியது; நாற்புறமும் இருந்து பார்த்தோர் ஒருபுறம் அமர்ந்தனர். இதனாற் கூத்து கற்றோர் மதிப்பைப் பெற்றது. ஊரோடு கொண்ட உறவு தளர்ந்தது. பெறுபேறு எது, இழப்பு எது என்பது பற்றிப் பின்னர் சி. மௌனகுரு, சி. ஜெயசங்கர் முதலியோர் செய்த ஆய்வும் ஆக்கமும் மாறுபட்ட விடைகளைத் தந்துள்ளன. அவ்விவாதத்திலும் ஒன்று பின்தள்ளப்பட்டு நின்றது. பறை முழக்கும் மக்களின் பறைமேளக் கூத்து, வடமோடி தென்மோடிகள் பெற்ற மதிப்பில் ஒரு சிறு பங்கையேனும் நெடுங்காலம் பெறவில்லை. பண்பாட்டின் தூய வடிவத்தைத் தேடுவோர் கண்ணுக்குத் தீண்டாமைக்கு உள்ளானோர் கலை தென்படுவதில்லை. ஆதலின் தூய்மை என்னும் சொல் மொழியில் மட்டும் நின்றுவிடுவதன்று. சாதியின் வாயிலிலும் அதே சொல் காவல் நிற்கின்றது.

பொதுவாழ்விற் புகுந்தபோது இவ்வளவுகோல் மேலும் இடர் விளைத்தது. சேர். பொன்னம்பலம் இராமநாதன் 1885இற் சட்டசபையிற் பேசி, 1888இற் கட்டுரையாகவும் வெளியிட்ட கருத்தின்படி, இலங்கைச் சோனகர் மொழியாலும் வழக்கத்தாலும் தமிழினத்தவரே. ஐ. எல். எம். அப்துல் அசீஸ் 1907இல் அதனை மறுத்துத் தனிநூல் எழுதினார். சோனகர் அராபிய வழிவந்த வேற்றினத்தார் என்பதும், தமிழ் அவர்கள் வாணிகத்தின்பொருட்டு ஏற்ற மொழி என்பதும் அவர் கூற்று. முன்னவர் மொழியைக் காட்டி மக்களை உரிமை கொண்டாடினார். பின்னவர் மக்களின் தனித்தன்மையைக் காக்க மொழியைப் புறந்தள்ளினார். மொழி ஒன்றாயின் இனமும் ஒன்றாதல் வேண்டும் என்னும் முற்கோள் இருவர்க்கும் பொது. மட்டக்களப்பின் வாழ்க்கை அம்முற்கோளையே பொய்ப்பிக்கின்றது. ஒரு மொழியை முற்றும் தம்முடையதாகக் கொண்டு, அதே வேளையில் தாம் வேறு ஒரு சமூகத்தார் எனக் கூற அம்மக்களுக்கு உரிமை உண்டு. அவ்வுரிமையை ஏற்பதனால் தமிழ் குறைவதில்லை.

இங்கு ஒரு தடை எழும். மொழியும் குடியும் வயலும் பொதுவாயிருந்தும் பயன் என்ன? 1990 ஆகத்து மாதத்திற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையிலிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அம்மாதமே ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். செப்டெம்பரிற் சத்துருக்கொண்டானிலே தமிழ் ஊரவர் கொல்லப்பட்டனர். கொன்றோரும் மாண்டோரும் ஒரே மொழி பேசியவராயிருந்த இடங்களில் அம்மொழி ஓர் உயிரையும் காக்கவில்லையே என்பது அத்தடை. இதற்கு எளிய விடை இல்லை. பொதுமொழி பகையைத் தடுக்கும் என்று வாக்களிப்போர் வரலாற்றை அறியாதவர். இலக்கியத் திறனாய்வு துப்பாக்கியின் முன் நிற்கும் கவசமும் அன்று. ஆயினும் அதற்கு ஒரு சிறு கடமை உண்டு. பகை மூளுங்கால் ஒவ்வொரு சாராரும் தம் வரலாற்றைத் தனித்து எழுதிக்கொள்கின்றனர். அவ்வரலாற்றில் மற்றவர் இல்லை, அல்லது பின்வந்து புகுந்தவராகவே இருப்பர். தூய்மையை அளவுகோலாகக் கொண்ட இலக்கிய வரலாறு, தான் கருதாமலே அத்தகைய ஏட்டுக்குத் தாள் வழங்கிவிடுகின்றது. மற்றவரை ஏட்டிலிருந்து நீக்குதல் கொலையாகாது. ஆயினும் நீக்கப்பட்டவர்க்காக இரங்குதல் அரிதாகிவிடும்.

மாற்றுவழி கற்பனையன்று, செய்து காட்டப்பட்டது. மட்டக்களப்பைச் சேர்ந்த மௌனகுரு, கல்முனையைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான், சித்திரலேகா மௌனகுரு ஆகிய மூவரும் கூடி எழுதிய இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம் என்னும் நூல் 1979இல் வெளிவந்தது. அந்நூலின் கருத்துக்களோடு மாறுபடுவோர் உளர். ஆயினும் ஒரு மொழியின் இலக்கிய வரலாற்றை வெவ்வேறு சமூகத்தவர் கூடியிருந்து எழுதுதல் இயலும் என்பதற்கு அது நிலையான சான்று. ஓட்டமாவடிப் பகுதியின் எஸ். எல். எம். ஹனீபா போன்றோரின் சிறுகதைகள் முஸ்லிம் ஊரின் பேச்சையும் வாழ்வையும் தமிழ்ப் புனைகதையின் நடுவிடத்தே கொண்டுவந்து வைத்தன. அக்கதைகளிற் காணப்படும் தமிழை வட்டார வழக்கு என ஓரத்தில் ஒதுக்குவதா, தமிழே என ஏற்பதா என்பது வாசகரின் தேர்வு. அத்தேர்விலேயே பன்மையைப் பற்றிய அவர்தம் உண்மைக் கொள்கை வெளிப்படும்.

இனி மட்டக்களப்பின் தமிழை ஆராயப் புகுவோர் வினாவை மாற்றிக் கேட்டல் நன்று. இச்சொல் எவ்வளவு பழையது என்பதோடு நில்லாது, இச்சொல்லை யார் யார் பகிர்ந்துகொள்கின்றனர் என்றும் கேட்டல் வேண்டும். இக்கூத்து எவ்வளவு தூயது என்பதை விடுத்து, இதில் ஆடுவோர் யார், பறை முழக்குவோர் யார், பார்க்க இடம்பெறாதோர் யார் என்று வினவுதல் வேண்டும். சைவ மாணவன் பள்ளிவாசற் குடிமுறையையும், முஸ்லிம் மாணவன் வழக்குரை காவியத்தையும், இருவரும் பறங்கியர் மொழியையும் வேடர் வழக்கையும் அறிதல், நல்லிணக்கத்துக்காக இயற்றப்படும் தானமன்று. தம் சொந்த ஊரை முழுதாக அறியும் கல்வியே அது.

மழைக்காலத்தில் ஆற்றுநீர் பெருகிவந்து முகத்துவாரத்தை உடைத்துக் கடலோடு கலக்கின்றது. கோடையிற் கடல்நீர் உள்ளே ஏறுகின்றது. வாவியின் நீர் முற்றும் நன்னீருமன்று, முற்றும் உவர்நீருமன்று. அக்கலப்பு நீரிலேயே மீனும் இறாலும் நண்டும் பெருகி இரு கரை மக்களையும் ஊட்டி வந்துள்ளன. விபுலாநந்த அடிகளார் செவிமடுத்துப் பாட்டாக்கிய வாவியின் இன்னொலியும் அந்நீரிலிருந்து எழுவதே. அந்நீரைப் பிரித்துத் தூய்மையாக்க அக்கரையில் எவரும் முயன்றதில்லை. முயலின் மீன் வாழாது என்பதை மீனவர் அறிவர். மட்டக்களப்புத் தமிழை அளக்கப் புகும் திறனாய்வாளரும் அதனை அறிதல் வேண்டும்.